மங்குத் தண்ணீரில் பிறந்தவர்கள்

என் கண்ணான தம்பி ஞானமுத்துவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். நீ இருக்கிற இடத்தில் ஈப்போ உபதேசியார் இல்லை. அது ஒன்றே போதும், நன்றாகத்தான் இருப்பாய். நீ சொல்லிக்கொடுத்த எழுத்தில்தான் இதை எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கோபத்தோடு எழுதுகிறேன்.

இன்று மத்தியானம் அந்த மனிதர் நம் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தார். செமோர் வரை ரயில், அங்கிருந்து மாட்டுவண்டி. நீ காய்ச்சலில் கிடந்தபோது ஜெபம் பண்ண வரச்சொல்லி ஆள் அனுப்பினோமே, அப்போது வண்டி கிடைக்கவில்லை என்றார். இப்போது எப்படியோ கிடைத்துவிட்டது. உட்காரப் பலகை எடுத்துப் போட்டேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். பரலோகத்தில் எல்லாருக்கும் ஒரே பந்தி என்று பிரசங்கம் பண்ணுகிற வாய் அது.

ஏன் வந்தார் என்று சொல்வதற்கு முன் நம் ஞானஸ்நானத்தைச் சொல்ல வேண்டும். உனக்கு நினைவிருக்கிறதா?

வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையுமாக ஈப்போ கோயிலில் போய் நின்றோம். முன்னால் கல்தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. கணக்கெழுதுகிற கிராணிமார் பிள்ளைகளுக்கெல்லாம் அதில்தான் ஞானஸ்நானம். நம் தலையில் பட்ட தண்ணீர் அதில் சொட்டினால் டவுன்காரர்கள் மனம் கோணுமாம். அதற்காக உபதேசியார் ஒரு புது மங்கில் தண்ணீர் மொண்டு வந்தார். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுகிற அதே மங்கு. வெள்ளைக்காரத் துரை பாதிரியார் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். “இவங்க பால்மரம் வெட்டுறவங்க துரை. தொழில் பாத்திரத்துலதான் வாங்கணும்னு ரொம்ப ஆசைப்படுறாங்க” என்று கூசாமல் சொன்னார் இவர். அரைகுறைத் தமிழ் தெரிந்த துரைக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம்.

பழைய மனிதன் செத்தான், புது மனிதன் பிறந்தான் என்று பிறகு நமக்கு விளக்கம் வேறு சொன்னார். அந்தப் புது மனிதனுக்கும் கோயிலில் கடைசிப் பாய்தான் கிடைத்தது.

நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். நீ அந்த மங்கைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாய். “தண்ணிக்கு என்னக்கா தெரியும், தொட்டியா மங்கான்னு? நான் பொறந்துட்டேன், போதும்” என்றாய். உண்மைதான். கள்ளுக்கடைப் பக்கம் பிறகு நீ போகவே இல்லை. அண்ணன் தம்பி என்றுகூடப் பார்க்காமல் அடிக்கிற, ஞானமுத்து ஆகுமுன் நீ இருந்த அந்தப் பழைய கருப்பனை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படித்தாய், எனக்கும் சொல்லிக்கொடுத்தாய். நீ மறுபடி பிறந்ததற்கு நான் சாட்சி. இந்த உபதேசியார் மறுபடி பிறந்ததற்குத்தான் இன்றுவரை ஒரு சாட்சியும் அகப்படவில்லை.

இனி நடந்ததைக் கேள். நீ போன பிறகு அந்த மங்கை நான் ஆயாக்கொட்டகையில் வைத்திருக்கிறேன். வேலைக்காட்டுக்குப் போகிறவர்கள் விட்டுப்போகும் பிள்ளைகளுக்கு அதில்தான் தண்ணீர் கொடுக்கிறேன்.

உபதேசியார் மகள் எஸ்தர் நம் தோட்டத்துச் சின்னக் கிராணியின் மனைவி அல்லவா? அவளுக்குப் போன மாதம் நாள் நிறையாமலே பிள்ளை பிறந்தது. நீலம் பாரித்து மூச்சில்லாமல் கிடந்தது. கிராணி, டாக்டரைத் தேடி சுங்கை சிப்புட்டுக்கு ஓடியிருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த மங்கோடு அப்படியே ஓடினேன்.

“அக்கா, இது போயிரும்போல இருக்கு. நீங்களே ஊத்துங்கக்கா” என்று அழுதாள். அதுவரை நான் அவளுக்கு வெறும் ஆயா. சாகக்கிடக்கிற பிள்ளைக்கு எந்தக் கிறிஸ்தவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று துரை பாதிரியாரே சொல்லியிருக்கிறார். மூன்று நாமத்தையும் சொல்லி ஊற்றினேன். என்ன பேர் வைக்க என்று கேட்டதற்கு அவள் அழுதுகொண்டேதான் இருந்தாள். என் வாயில் உன் பேர்தான் வந்தது தம்பி.

தண்ணீர் பட்டதும் வீல் என்று கத்தினான் பிள்ளை. பிழைத்துவிட்டான். இப்போது கன்னம் வைத்துக் குண்டாக இருக்கிறான்.

அதுதான் உபதேசியாருக்கு வந்த சங்கடம். ஒருமுறை கொடுத்த ஞானஸ்நானத்தை மறுமுறை கொடுக்கக் கூடாது என்பது துரை பாதிரியாரின் சட்டம். ஞாயிற்றுக்கிழமை துரை என்னை விசாரிக்கப்போகிறார்.

“சும்மா தண்ணிதான் தெளிச்சேன், நாமம் ஒன்னும் சொல்லலேன்னு சொல்லிரு மரியம்மா” என்றார் உபதேசியார். “தொட்டியில முறையா குடுத்து, பேரையும் மாத்திரலாம். எவ கையால, எந்த மங்குலன்னு ஈப்போவே சிரிக்குது.”

“மங்கு நீங்க கொண்டாந்ததுதானே ஐயா? அது ஞானஸ்நானம் இல்லேன்னா என் தம்பி வாங்குனது என்ன?”

“அவன் விசயம் வேற. தோட்டத்தாளுக்கு அது போதும்.”

வேதம் படித்த மனிதர் பேச்சு இது, தம்பி. கேட்டாயா? பேரனுக்குப் போதாத தண்ணீர் உனக்குப் போதுமாம். நீ அதை நம்பித்தான் சிரித்த முகமாகச் செத்தாய். நான் முடியாது என்றேன். ஆயா வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்றேன். “ஒனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். அவர் நின்ற இடத்தைச் சாணி போட்டு மெழுகினேன். அவருக்கு மட்டும்தான் தீட்டு உண்டா என்ன?

துரை கேட்டால் எஸ்தர் என்ன சொல்வாள்? எனக்குத் தெரியவில்லை. அப்பா இருக்கும்போது அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் நேற்று அவர்கள் வேலியோரம் போனபோது, உள்ளே “ஞானம், ஞானம்” என்று அவள் தாலாட்டுவது கேட்டது.

நீ கவலைப்படாதே. ஞாயிற்றுக்கிழமை மங்கை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போகிறேன். துரை முன்னால் அதை வைத்து, பிள்ளை கதையோடு நம் கதையையும் சேர்த்துச் சொல்வேன். மறுபடி பிறப்பது நிஜமென்றால் அதே மங்கில் பிறந்த உபதேசியார் பேரன் நமக்குத் தம்பி முறை, இதையும் அந்த உபதேசியார் காதுபடச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

ஒரே வயிற்றிலும், பிறகு ஒரே மங்கிலும்
உன்னோடு பிறந்த அக்கா,
மரியம்மை