லைன் நின்றால் வருகிற அக்கா

படப்பை,
ஆகஸ்ட் 17, 2025.

மதிப்பிற்குரிய தாயாரம்மாள் மேடம் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரில் மூன்றாவது ஊசியும் முடிந்துவிட்டது என்று உங்கள் தங்கை போனில் சொன்னார்கள். சாப்பாடு இறங்குகிறதா? உங்கள் கேள்வியையும் சொன்னார்கள். "நம்ம பள்ளிக்கூடத்துத் தொழிற்பிரிவுங்க தேறுமா தேறாதான்னு கலைமதியைக் கேளு. அவ பூசி மெழுக மாட்டா." போனில் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேர்ச்சி விகிதம் பெரிதாக ஏறவில்லை. மருத்துவப் பிரிவில் சேரச் சொன்னால் பையன்கள் இன்னும் நெளிகிறார்கள். உணவுப் பிரிவின் பெரிய அடுப்பு ரிப்பேர். தலைமையாசிரியராக உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் ரகு சார் நல்லவர்தான். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் வேலை நடப்பதைப் பார்த்துவரப் பிள்ளைகளைக் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பக் கையெழுத்துப் போடும்போது அவர் முகம் வெளுத்துவிடுகிறது.

மேல்நிலை வகுப்புகளைத் தொழில்வாரியாகப் பிரித்து, பாடத்தையும் அதை ஒட்டியே நடத்தலாம் என்று நீங்கள் சொன்ன அன்று, ஒரகடம் கம்பெனிகளுக்கு மலிவாக ஆள் பிடித்துக் கொடுக்கவா பள்ளிக்கூடம் என்று கேட்டேன். முதல் பெற்றோர் கூட்டத்துக்குப் பாதிப் பேர் ஆதார் நகலும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுமாக வந்து நின்றார்களே! "இன்னா டீச்சர், கம்பெனி வேன் எங்க நிக்கும்? எங்க வூட்டாண்ட வருமா?" என்று ஒரு அம்மா கேட்டார். நம்மைக் கான்ட்ராக்டர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி பூமாரி. இயந்திரப் பிரிவில் என்னிடம் இயற்பியல் படித்த, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அப்பா இசக்கிபாண்டி வாகன உதிரிபாகக் கம்பெனியில் உற்பத்தி லைனில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர். வடக்குப்பட்டில் வாடகை அறை. மே மாதம் ரிசல்ட் வந்ததும் மார்க் ஷீட்டும் டிசியும் கேட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகளைக் கம்பெனி வேலைக்கு அனுப்பக் கான்ட்ராக்டரிடம் பேசி முடித்தாயிற்று, திங்கட்கிழமை வேன் வருகிறது என்றார்.

நல்ல மதிப்பெண், பொறியியல் கவுன்சிலிங்குக்கு எழுதிப் போடலாமே என்றேன். "படிச்சு என்னத்த கிழிக்கப் போறா டீச்சர்? கடைசில அவளும் லைன்லதான நிக்கணும்? ஒங்க பிரிவே அதுக்குத்தான?" என்றார். அன்று நான் உங்களிடம் கேட்ட கேள்வி!

பூமாரிதான் பேசினாள். "லைன நான் பாத்துட்டேம்ப்பா. மிஷின் நின்னா லேப்டாப்போட ஒரு அக்கா வருவாவ. அவிய சரி பண்ணாத்தான் லைன் ஓடும். அந்த அக்கா வாலாஜாபாத்து. என்ன படிச்சியன்னு கேட்டு வச்சிருக்கேன்."

"எப்பளா பாத்த?" என்றார் அவர்.

"பள்ளிக்கூடத்துலேருந்து வெள்ளிக்கிழமை ஒங்க கம்பெனிக்குத்தான் கூட்டிட்டுப் போனாவ. தரைல போட்ட மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னேன். ஒங்களையும் பாத்தேன். காலு மாத்தி மாத்தி நின்னுக்கிட்டிருந்திய. கூப்பிடல."

மேடம், அந்த மனிதர் என்னைப் பார்த்து, "அந்தப் பிள்ள வந்தாத்தான் டீச்சர் நாங்க உக்காரவே முடியும். மெதுவா சரி பண்ணு தாயீன்னு கும்பிடுவோம்" என்றார். மகளிடம் திரும்பி, "ஏளா, நீ அந்த வேலைக்கு வந்தா வெரசாச் சரி பண்ணிராத" என்றார். சம்மதத்தை அவர் சொன்ன விதம் அவ்வளவுதான். அன்றே நம் கணினி அறையில் விண்ணப்பம் போட்டோம். இப்போது அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அல்வாவோடு வந்தார்கள். உங்களுக்கென்று ஒரு பொட்டலம் தனியாகக் கொடுத்தார்கள். உங்கள் டாக்டர் அனுமதித்தால் அனுப்புகிறேன்.

ஒரு பூமாரியை வைத்துத் திட்டம் ஜெயித்தது என்று எழுத மாட்டேன். விண்ணப்பம் போட்ட அதே வாரம் அவள் வகுப்புத் தோழி வேல்விழி கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தால் கையசைக்கிறாள். ஆனால் அவளும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். இரண்டு வருடத்தில் டிப்ளமோ சேருவேன் என்கிறாள். பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமைப் பயணத்தை நிறுத்திவிடலாமா என்று ரகு சார் கேட்டார். வேண்டாம், கூட்டிப்போகும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது. நன்றி என்று எழுதி எனக்குப் பழக்கமில்லை, மேடம். இது என் நன்றி.

பள்ளியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனையோ வருடம் நின்றே வேலை பார்த்தீர்கள். இப்போது உட்காருங்கள். இசக்கிபாண்டி கும்பிட்டுக் கேட்பதுபோல, உங்கள் உடம்பும் மெதுவாகவே சரியாகட்டும்.

ஆனால் சரியாகிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை நம் பள்ளி வேனில் நீங்கள் உட்காரும் முன் இருக்கையில் நான் யாரையும் உட்காரவிடுவதில்லை.

உங்கள்,
கலைமதி