பிச்சாட்டூர்ப் பண்ணையும் ஒரு பொல்லாத சுழியும்

19 ஜனவரி 2025, ஞாயிறு

இன்று முதல் என் சாம்ராஜ்யம் விற்பனைக்கு வந்துவிட்டது. காலையில் யாமினி விளம்பரம் எழுதி இணையத்தில் போட்டாள். என் தங்கை மகள். திருப்பதியில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள். கணக்கு நடத்துகிறவர்களுக்குப் புளுகத் தெரியாது என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

'நாலரை ஏக்கர் குதிரைப் பண்ணை, குடியிருக்க வீடு, ஏரிக் காற்று, அருகில் நீர்வீழ்ச்சி, மலையேற்றம், படகுச் சவாரி.' படகுச் சவாரியாம். பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தில் நான் கண்ட ஒரே கப்பல் மீன் பிடிக்கிறவர்களின் பரிசல். அதில் நாம் ஏறினால் தண்ணீர் நம்மேல் ஏறும். மலையேற்றம் இங்கே ஆடுகள் தினமும் செய்வது. அதற்காக எந்த ஆடும் தனியாக ஷூ வாங்கியதில்லை.

"வீடு ஒழுகறத எழுதலியே" என்றேன்.

"எழுதினா யார் வருவாங்க மாமா?"

விற்கக் காரணம் என் இடுப்பு. செப்டம்பரில் விழுந்து எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். நாற்பது வருடம் குதிரையேறியவன் எங்கே விழுந்தேன்? குளியலறையில். சோப்பின்மேல் கால் வைத்து. ஊரில் கேட்பவர்களிடம், நாலுகால் பாய்ச்சலில் ஓடை தாண்டும்போது விழுந்ததாகச் சொல்லியிருக்கிறேன். ஆளுக்கு ஆள் ஓடை அகலமாகிக்கொண்டே போகிறது. இப்போது ஆரணியாறு அளவுக்கு வந்திருக்கிறது.

22 ஜனவரி

முனியப்பனிடம் சொன்னேன். இருபத்திரண்டு வருடமாக லாயத்தைப் பார்க்கிறவன். அவனும் மனைவி பொன்னியம்மாளும் பண்ணை மூலையில் ஓட்டு வீட்டில் இருக்கிறார்கள். அவன் வெள்ளைக் குதிரை ராஜமாதாவுக்குப் பிடரி சீவிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"வாங்கறவன் குதிரைங்கள வெச்சிக்குவானாண்ணா?"

"வெச்சிக்கிறவனுக்குத்தான் குடுப்பேன்."

"எங்கள?"

"நீ இல்லாம அதுங்க கொள்ளு துன்னுமா?"

"அதுங்க துன்னும்ணா. நாங்க இன்னா துன்றது, அதச் சொல்லு."

வீட்டை நானே அவன் பேரில் எழுதிவிடலாம். வேலையை யார் எழுதிக் கொடுப்பது? ஆகவே சட்டம் இயற்றிவிட்டேன்: ராஜமாதா, சேனாபதி, மின்னல் மூவரும் பிரியக் கூடாது, அவர்களை முனியப்பனே பார்க்க வேண்டும். ஒப்பாதவன் சக்கரவர்த்தியானாலும் வாசலோடு சரி.

2 பிப்ரவரி

சக்கரவர்த்தி வரவில்லை. பெங்களூரிலிருந்து ஹரிபிரசாத் என்று ஒருவர் வந்தார். முகத்தில் பாதி கறுப்புக் கண்ணாடி, மீதி சிரிப்பு. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த வாசன எப்பவுமே இருக்குமா அங்கிள்?" என்றார்.

"இல்லம்மா. மழைக்காலத்துல கூடும்."

லாயத்தை விருந்தினர் அறைகளாக மாற்றுவாராம். வாசலில் படம் எடுக்க ஒரு குதிரை போதுமாம். மற்ற இரண்டையும் 'ரீஹோம்' பண்ணிவிடலாமாம். அவர் போனபின் அப்படியென்றால் என்ன என்று முனியப்பன் கேட்டான். வீட்டைவிட்டுத் துரத்துவதற்குப் பெங்களூரில் வைத்த பெயர் என்றேன்.

11 பிப்ரவரி

திருப்பதியிலிருந்து மனை வியாபாரி. கையில் திசைகாட்டி, கக்கத்தில் வரைபடம். முப்பத்தாறு மனையாம். குதிரைகள் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "குர்ராலு மீரே தீஸ்கெள்ளண்டி" என்றார் — நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள் என்று, ஏதோ எனக்குச் சலுகை தருகிற மாதிரி. ராஜமாதா வரைபடத்தின் தென்மேற்கு மூலையைத் தின்றுவிட்டாள். விமர்சனம் என்றால் அது.

23 பிப்ரவரி

இன்று ஒரு மகத்தான பொய் சொன்னேன். வரலாற்றில் பதியத் தக்கது; ஆகவே பதிகிறேன்.

புத்தூர் ஜெயபிரகாஷ் வந்தான். கல்யாண ஊர்வலத்துக்கு லைட், டிஜே, குதிரை எல்லாம் ஏற்பாடு செய்கிறவன். அவனுக்கு நிலம் வேண்டாம். ராஜமாதா மட்டும் வேண்டும். போன குதிரை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பட்டாசுக்கு மெரண்டு கால ஒடிச்சிக்கிச்சி பெரியவரே. அந்தப் பீஸே சரியில்ல." பீஸாம். பத்தொன்பது வயதுக் கிழவியை டிஜே வண்டிக்கு முன்னால் நிறுத்தப் போகிற மகராசன். முடியாது என்றேன், விலையைக் கூட்டினான். மறுபடி முடியாது என்றேன், மறுபடி கூட்டினான். இப்படிப்பட்டவனுக்கு 'முடியாது' என்பது பேரத்தின் ஆரம்பம்.

ராஜமாதாவின் பிடரியை விலக்கி, கழுத்தில் மயிர் சுழன்றிருக்கும் இடத்தைக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் குதிரை வாங்குகிறவன் பல்லைப் பிறகுதான் பார்ப்பான், முதலில் சுழி. பல் குதிரையின் வயதைச் சொல்லும். சுழி, ஏறுகிறவன் ஆயுசைச் சொல்லும்.

"விக்கிறவன் மறைக்கக் கூடாது பாரு" என்று குரலை இறக்கினேன். "இதும்மேல ஏறின மொத மாப்ள மூணாம் மாசம் கால் போய்ப் படுத்தான். ரெண்டாவது ஆள் காளஹஸ்தியில சாமியாராயிட்டான். மூணாவது ஆள் பொண்டாட்டி குவைத்துக்குப் போயி, அங்கேருந்தே விவாகரத்துக் காயிதம் அனுப்பிட்டா."

தொட்ட கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு போனவன்தான். புழுதி அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

"இப்டிச் சொல்லலாமாண்ணா? வாயில்லா ஜீவன்" என்றான் முனியப்பன்.

அதனால்தான் மறுத்துப் பேசாது என்றேன்.

9 மார்ச்

நகரியில் டிஜே, பட்டாசு இல்லாத ஒரு கல்யாணத்துக்கு ராஜமாதாவைப் பேசியிருந்தார்கள். வேண்டாம் என்று போன். காரணம் சொல்லவில்லை.

14 மார்ச்

பிச்சாட்டூர் டீக்கடையில் காரணம் கிடைத்தது. நான் மூன்று மாப்பிள்ளைகள்தான் சொன்னேன், இப்போது ஏழு. ஒருவன் செத்தேபோய்விட்டானாம். என் சரக்கை வாங்கிக் கலப்படம் செய்து விற்கிறார்கள். டீ குடித்து முடிக்கும்வரை பெருமையாகத்தான் இருந்தது.

23 மார்ச்

சித்தூரிலிருந்து ஸ்ரீதேவி வந்தார். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுத்தர இடம் தேடுகிறார். தலையில் ஒரு தொப்பி — அதன் நிழலில் ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிடலாம். கையில் நோட்டு, கேள்விகளுக்கு வரிசை எண். இதுவும் ஒரு வேடிக்கை என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

சேனாபதியின் தோளில் கை வைத்து, அப்படியே காலோடு தடவிக்கொண்டே இறங்கி, குளம்பைத் தூக்கினார். எம்எல்ஏ வந்தபோதே உதைத்தவன், முடிதிருத்துபவரிடம் தலையைக் கொடுக்கிற மாதிரி காலைக் கொடுத்துவிட்டு நின்றான். அவர் என்னைக் கேட்கவில்லை. முனியப்பனைப் பார்த்து, "லாடம் எப்போங்க மாத்தினீங்க?" என்றார். அந்த 'நீங்க' யாருக்கு என்று முனியப்பன் திரும்பிப் பின்னால் பார்த்தான்.

மூன்று குதிரையும் வேண்டுமாம். முனியப்பன் கட்டாயம் வேண்டுமாம். குறை கண்டுபிடிக்கச் சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தேன். தொப்பியைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

30 மார்ச், உகாதி

பச்சடி சாப்பிட்ட வாயோடு போனை எடுத்தேன். ஸ்ரீதேவி. பணத்தில் பாதி அவர் அம்மா ரத்தினம்மாவுடையது. அம்மா இருப்பது புத்தூரில். புத்தூரில் ஏழு மாப்பிள்ளைகளும் தெருத்தெருவாக உலவுகிறார்கள்.

"நிலம் வாங்கலாம், அந்த வெள்ளைக் குதிரை ஆகாதுங்கறாங்க சார். நான் சுழி கிழியெல்லாம் பாக்கறவ இல்ல. ஆனா நாளைக்கு எந்தத் தாய் தன் புள்ளைய அனுப்புவா?"

நான் சொன்னது பொய் என்றேன். "அதை அம்மாகிட்ட சொல்லுங்க சார்" என்றார்.

31 மார்ச்

ரத்தினம்மாவிடம் போவதற்கு முன் வேரையே வெட்டிவிடலாம் என்று ஜெயபிரகாஷிடம் போனேன். புத்தூரில் அவன் கடை வாசலில் நின்று, அன்றைக்குச் சொன்னது சுத்தப் புளுகு என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன்.

அவன் என் தோளில் கை போட்டான். "நல்ல மனசு பெரியவரே, அதான் மறைக்கிறீங்க. நான் அதத் தொட்டுட்டு வந்த வாரமே ஜெனரேட்டர் பூடிச்சி. வித்தா போதும்னு இப்ப இல்லன்றீங்க. புரியுது."

பொய்க்குச் சாட்சி கேட்காத ஊர், உண்மைக்குக் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துக் கேட்கிறது.

6 ஏப்ரல்

ரத்தினம்மாவே ஆட்டோவில் வந்து இறங்கினார். எழுபத்தைந்து வயது, பார்வை மட்டும் முப்பது. பிடரியை விலக்கிச் சுழியைப் பார்த்தார். சுழியில்லாத குதிரையே உலகத்தில் கிடையாது என்றேன்.

"அன்னிக்கு விக்கக் கூடாதுன்னு ஒண்ணு சொன்ன. இன்னிக்கு விக்கணும்னு ஒண்ணு சொல்ற. நான் எத நம்பறது?"

நானே இப்போது ஏறிக் காட்டுகிறேன் என்றேன். தகடு கிடக்கட்டும்.

"உனக்குப் பொண்டாட்டியா, புள்ளையா? நீ ஏறினா யாருக்கு இன்னா பூடும்? உங்க வீட்டுக் கொழந்தைய ஏத்து. ஏரிக்கரை அம்மன் கோயில ஒரு சுத்து சுத்தி வரட்டும். அப்ப நம்பறேன்."

பொன்னியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்க பேத்தி ஏறும்மா." நான் வேண்டாம் என்றேன். என் வாய்க்கு அந்தக் குழந்தையா ஜவாப்தாரி?

யாருக்கு இன்னா பூடும். கிழவி சும்மா சொன்னாளா, யோசிச்சுச் சொன்னாளா? பதில் சொல்லியிருக்கலாம் இல்ல?

7 ஏப்ரல்

யாமினிக்குப் போன் செய்ய எடுத்தேன். வைத்துவிட்டேன்.

9 ஏப்ரல்

கேட்டேவிட்டேன். அவள் மகள் ஹாசினிக்கு ஏழு வயது. சிரிப்பாள் என்று நினைத்தேன். போன வாரம் வரை சுழிக் கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள்தானே. சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்றாள்.

எம்எஸ்சி படித்த கணக்குக்கே ஒரு மயிர்ச் சுழி வழி மறிக்கிறது. ஊரை மட்டும் திட்டி என்ன பயன்?

13 ஏப்ரல், ஞாயிறு

யாமினி வந்தாள். ஹாசினி பின்சீட்டில். ரத்தினம்மாவும் ஸ்ரீதேவியும் முன்பே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். யாமினி என்னை மட்டும் லாயத்துக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஒரே ஒரு தடவ கேக்கறேன் மாமா. அந்தச் சுழி விஷயம் நெஜமா, பொய்யா?"

சொற்கள் பட்டாளம் பட்டாளமாக வந்து அணிவகுத்தன. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன்.

"பொய்."

"அந்த மூணு மாப்பிள்ளைங்க?"

"அப்டி யாருமே இல்ல."

"நீங்க ஓடை தாண்டி விழுந்தது?"

"சோப்பு."

அவள் வெளியே போய், குழந்தையைத் தூக்கி ராஜமாதாவின்மேல் தன் கையாலேயே உட்கார வைத்தாள். முனியப்பன் கயிற்றைப் பிடித்தான். நான் கோலை ஊன்றிக்கொண்டு பின்னால் நடந்தேன். ராஜமாதா கோயிலைச் சுற்றி, யாரோ சாத்தியிருந்த சாமந்தி மாலையில் ஒரு முழம் தின்று, திரும்பி வந்தாள். ஹாசினி இன்னொரு சுற்று கேட்டாள். அதுவும் நடந்தது.

ரத்தினம்மா, "பத்து நாள் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். பத்து நாள். பாம்புக்கடிக்குக்கூட ஒரு நாள்தான்.

முனியப்பன் பிறகு சொன்னான்: நான் குளியலறையில் விழுந்த அன்றே அவன் யாமினிக்குப் போனில் சொல்லியிருக்கிறான். விடை தெரிந்த கணக்கைக் கொடுத்து என்னைச் சோதித்திருக்கிறாள்.

17 ஏப்ரல்

ஹாசினி இரண்டு முறை தும்மினாளாம். யாமினி போனில் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் சாப்பிடவில்லை.

18 ஏப்ரல்

ஐஸ்கிரீம். ஒன்றல்ல, இரண்டு.

24 ஏப்ரல்

பத்து நாள் முடிந்தது. காலை ஏழு மணிக்கே ரத்தினம்மா போன்: "கொழந்த எப்டிகீது?" நன்றாக இருக்கிறாள் என்றேன். "சரி, நல்ல நாள் பாரு" என்று வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று இரண்டு நிமிடம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

7 மே

பதிவு முடிந்தது. பத்திரம் தெலுங்கில், என் சாம்ராஜ்யம் ஒன்பது பக்கம்தான் வந்தது. முனியப்பன் வீடும் அதைச் சுற்றி நாலு சென்ட்டும் தனிப் பத்திரமாக அவன் பேரில். பெருவிரலை நீட்டினான், பிறகு மனம் மாறி, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். எழுத்து மூன்று வரிக்கு ஏறியிறங்கியது. ஸ்ரீதேவி அடுத்த மாதத்திலிருந்து அவனுக்குச் சம்பளம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். வரிசை எண் நாலு.

திரும்பி வந்ததும் ஒப்படைப்பு. விற்ற மிருகத்தோடு பழைய கயிற்றைக் கொடுப்பதில்லை; வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். மூன்றையும் நானே அவிழ்த்தேன். ஸ்ரீதேவியின் கயிறு ஏறும்வரை ராஜமாதா எந்தக் கட்டும் இல்லாமல் நின்றாள். கேட் திறந்துதான் இருந்தது. அவள் எங்கும் போகவில்லை. நான்தான் போக வேண்டியிருந்தது. யாமினி காரில் காத்திருந்தாள்.

22 ஜூன், திருப்பதி

யாமினி வீடு, மூன்றாம் மாடி. லிஃப்ட் என்கிற அலமாரியில் தினமும் என்னை ஏற்றி இறக்குகிறார்கள். மண்ணே படாத மனிதர்கள். செடியைக்கூட வாடகைக்கு எடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்று லிஃப்டில் இரண்டாம் மாடி அம்மாள் யாமினியிடம் கேட்டாள், பிச்சாட்டூரில் குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித் தருகிறார்களாமே என்று. வெள்ளைக் குதிரை ஒன்று இருக்கிறதாம். அதற்கு ராஜயோகச் சுழியாம். அதில் ஏறிய பிள்ளைகள் பரீட்சையில் தொண்ணூற்றைந்துக்குக் குறைவதில்லையாம். புத்தூரில் ரத்தினம்மா என்று ஒரு பெரியம்மா சொன்னாராம்; கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வரிசை நிற்கிறதாம்.

"அது இந்த மாமாவோட குதிரதான்" என்றாள் யாமினி.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள். "நெஜந்தானாங்க? அப்டிச் சுழி இருக்கா?"

"சுழி தெரியாதும்மா. நல்ல குதிரை" என்றேன்.

மேலும் ஏதோ வரும் என்று இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் மாடி வந்தது. அந்த அம்மாள் இறங்கிப் போனாள். கதவு மூடியதும் யாமினி புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் அடிக்கிறதா என்று.