சாட்சியை நிறுத்திய நாள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அண்ணியும் உங்களிடம் விட்டுவந்த என் பாப்பாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். அவளுக்கு இருமல் நின்றதா? மருந்தைத் துப்பினால் அண்ணி பாவம் பார்த்து விட்டுவிடுவார். நீ விடாதே.

போன் இருக்கும்போது கடிதமா என்று சிரிப்பாய். புதுக் கணினியின் திறப்பு விழா முடியும்வரை இங்கே எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். வளாகத்தை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் லாரிக்காரர் நீ வேலை பார்க்கும் அணை வழியாகத்தான் திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் கணினியைப் பற்றி உனக்குத் தெரியும். சில்லு தர மாட்டோம் என்று பெரிய நாடுகள் கைவிரித்த பிறகு ஒன்பது வருடம் மல்லுக்கட்டினோம். இன்று கூடத்தில் இரண்டு வரிசை நிற்கிறது. ஒன்றில் பழைய வெளிநாட்டுச் சில்லுகள், மற்றதில் நாங்களே செய்தவை. எங்கள் வரிசைக்கு மாப்பிள்ளை என்று பெயர். குளிர் கொஞ்சம் குறைந்தாலும் முறுக்கிக்கொள்வார், அவரைப் பற்றி யாரும் ஒரு சொல் குறை சொல்லக் கூடாது. எனக்கும் அவர்மேல் செல்லம்தான், பொய் சொல்வானேன்.

மழைக் கணக்கை இரண்டு வரிசையிலும் தனித்தனியாகப் போட்டு, விடை ஒத்துப்போனால்தான் வெளியே அனுப்புவோம். இரண்டாவது கணக்குக்கு நாங்கள் வைத்த பெயர் சாட்சி. போன வாரம் வேகச் சோதனை. இரண்டு வரிசையும் சேர்ந்து ஒரே கணக்கைப் போட்டால் வேகம் இரட்டிப்பாகும். "மாப்பிள்ளைக்கு எதுக்கும்மா சாட்சி? ஒரு நாளைக்கு நிறுத்து" என்றார் இயக்குநர். நான்தான் நிறுத்தினேன். எதிர்பார்த்த வேக எண் வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். மறுநாள் சாட்சியைத் திரும்பப் போட வேண்டியவள் நான். மறந்துபோனேன் அண்ணா. நான்கு நாள் மறந்தே போனேன்.

அந்த நான்கு நாளும் உன் அலுவலகத்துக்கு வந்த மழை அறிக்கை சாட்சி இல்லாதது. வெள்ளிக்கிழமை லேசான தூறல் என்று அதில் இருக்கும். மதகைத் திறக்காதே என்று உனக்கு உத்தரவு வந்திருப்பதும் அதை நம்பித்தான். திங்கட்கிழமை நினைவு வந்து, வரிசைகளைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை பன்னிரண்டு மில்லிமீட்டர் என்றார். பழைய வரிசை இருநூற்று நாற்பது என்றது.

இரண்டு விடையையும் அச்சடித்தேன். தாளை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் ஓடினேன். "பழசுக்கு வயசாயிடுச்சும்மா, உளறுது. விழா முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார். மாலைக்குள் என் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். என்னோடு வந்து வாதாடிய கணிதக்காரரின் நாற்காலி நேற்றிலிருந்து காலி. விடுப்பாம். மூக்குக்கண்ணாடியை மேசையிலேயே வைத்துவிட்டு யாராவது விடுப்பில் போவார்களா?

எந்த விடை சரி என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நான் தப்பாக இருந்தால் உன் வேலை போகும். அதற்காக ஆயுசுக்கும் என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பழைய வரிசை பத்து வருடத்தில் ஒரு நாளும் உளறியதில்லை. உன் குடியிருப்பு அணைக்கு நேர் கீழே இருக்கிறது. அணை நிரம்பி நிற்கிறது என்று போன மாதம் போனில் நீயே பெருமையாகச் சொன்னாய்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன். இது கைக்குக் கிடைத்ததுமே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை விடு. கரையோரம் இருப்பவர்களை முதலில் எழுப்பிவிடு. யாராவது கேட்டால் என் பெயரைச் சொல், இந்தக் கடிதத்தைக் காட்டு. பாப்பாவிடம், அம்மா விழா முடிந்ததும் வந்துவிடுவாள் என்று மட்டும் சொல்லி வை.

லாரி வியாழன் மாலை அங்கே வந்துவிடும் என்கிறார் லாரிக்காரர். வழியில் எத்தனை இடத்தில் நிறுத்துவார்களோ தெரியவில்லை. அதனால் உறைமேல் பெரிய எழுத்தில் ஒன்று எழுதி ஒட்டப்போகிறேன்: மழை பெய்துகொண்டிருந்தால் இதைப் பிரிக்காதே, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடு.

நீ நன்றாக இருக்க வேண்டும் அண்ணா.

உன் தங்கை