சேதுராமன் சேரின் கம்ப்யூட்டரும் என் அறுபத்திரண்டு போத்தல்களும்

2004 ஜூன் 8
கம்பளைப் பாலத்தில் பத்துப் பேர் முன்னால் இன்று எனக்கு அவமானம். மகாவலி ஆறு எங்கே மண்ணைப் போடும், எங்கே கரையை அறுக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்க வந்திருக்கிறார் சேதுராமன் எஞ்சினியர். அதை வைத்துத்தான் எந்தக் கரைக்குக் கல்சுவர் என்று முடிவாகும். நம் வீட்டுக் கரைக்குத்தான், அதிலென்ன சந்தேகம். நடு ஆற்றில் போத்தலை இறக்கிக் கலங்கல் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

"இந்த ஆத்து மண்ண நாக்குல வச்சே எந்த மலையில இருந்து வந்துச்சுன்னு சொல்லுவேன் சேர்" என்றேன். வெள்ளைக்காரத் துரையே என்னைக் கேட்டுத்தான் இந்தப் பாலத்தைக் கட்டினான்.

"பெரியதம்பி அண்ணே, நாக்க உள்ள வச்சிக்கிட்டு போத்தல நிரப்புங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஜூன் 9
மறக்கவில்லை.

ஜூன் 15
வழி கிடைத்துவிட்டது. போத்தலுக்கு ஒரு பிடி கரை மண். குலுக்கினால் தேத்தண்ணி நிறம். கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? கணக்கு கோணலாகி, கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்து அவரை நிற்கவைத்துக் கேட்க வேண்டும். நான் பக்கத்தில் கைகட்டி நின்று பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 30
அறுபத்திரண்டு போத்தல் கொடுத்து முடித்தேன். மனைவி பேச்சியிடம் இருநூறு என்றேன்.

நவம்பர் 20
முடிவு வந்தது. நம் வீட்டு வளைவில் மண் படிந்து படிந்து கரை வளர்கிறதாம். கல்சுவர் அக்கரைக்காம்.

வளர்கிறதா? போன மழையில் நம் வேலியே ஆற்றோடு போனதே. சொல்லிவிடலாமா — சொன்னால் இந்தத் தடவை எத்தனை பேர் சிரிப்பான்கள்?

டிசம்பர் 2
சொல்லத்தான் போனேன். வாய் திறப்பதற்குள் அவர் அறிக்கைப் புத்தகத்தை நீட்டினார்.

"பாருங்கண்ணே, ஒங்க பேரு அச்சுல. பழைய கணக்குல கரை அறுக்கும்னுதான் வந்திச்சு. நான் ஒங்க போத்தலத்தான் நம்புனேன். அன்னிக்கி அப்பிடிப் பேசுனது தப்புண்ணே."

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டேன். எஞ்சினியர் என் காலில் விழுந்தார் என்று பேச்சியிடம் சொன்னேன்.

2005 ஜூன் 21
அக்கரைச் சுவர் ஜோராக நிற்கிறது. அதில் மோதிய தண்ணீர் இந்தப் பக்கம் திரும்புகிறது. நேற்றுக் கக்கூஸ் சரிந்தது.

"ஏங்க, கரை வளருதுன்னு ஒங்க புஸ்தகத்துல போட்டிருந்திச்சே?"

"ஆத்துக்கு வாசிக்கத் தெரியாதுடி."

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 24
ஆற்றுப் பக்கத்து அடுப்பை முன்னறைக்கு மாற்றினோம். அங்கேதான் காற்று நன்றாக வருகிறது என்று கேட்பவர்களிடம் சொல்லிவருகிறேன்.