கீரை என்று எழுதினேன்

திங்கள், இரவு.

கால் வலிக்கிறது. படுத்தும் தூக்கம் வரவில்லை.

இன்று கர்ப்பிணிகளுக்கான ஊட்டச்சத்து வகுப்பை ராஜம்மாக்கா வீட்டுக் கார் ஷெட்டில் நடத்தினேன். ஊரில் பாதி நிலம் அவர்களுடையது; அவர் கூப்பிட்டால்தான் ஆள் வரும். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மற்ற பெண்கள் பாயில்.

நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். மஞ்சுளாவுக்கு ஆறாம் மாதம், ரத்தம் குறைவு. நேற்று ஓசூரில் மாட்டுக்கறிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

“நேத்து என்னம்மா சாப்பிட்ட?”

“கீரைங்க மேடம்,” என்றாள், பாயைப் பார்த்தபடி.

“அதான், கீர தின்னா போதும். ரத்தம் தானா ஊறும்,” என்றார் ராஜம்மாக்கா.

நான் கீரை என்று எழுதினேன். கறிப் படம் போட்ட அட்டையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நடந்தபோது மஞ்சுளா பின்னாலேயே வந்தாள்.

“மாட்டுக்கறி திங்கலாங்களா மேடம்? கொழந்தைக்கு ஆவாதுன்னு சொல்றாங்க.”

“நல்லா வேகவெச்சுத் தின்னு. ரத்தத்துக்கு நல்லது.” சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னேன்.

“இத அங்கியே சொல்லியிருக்கலாமில்லீங்களா?”

பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நேற்றைய கறிக்குழம்பைச் சூடு பண்ணினேன். மாடியில் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். வாசம் மேலே போகக் கூடாதென்று எப்போதும்போல முதலில் ஜன்னலைச் சாத்தினேன். இன்னும் திறக்கவில்லை. புழுக்கமாக இருக்கிறது.