இரண்டு மெதுவாக, மூன்று வேகமாக

ஒற்றப்பாலம்
12 மார்ச் 2022

அன்புள்ள மினிக்கு,

"டீச்சரே, இப்ப மனசு ஆறிடுச்சா?" தியேட்டர் படியில் இறங்கும்போது தையற்கடை ஜமீலா கேட்டாள். என் பிள்ளை பிரதீஷ் போன இந்த மூன்றரை வருடத்தில் என்னிடம் யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. கேட்க வைத்தது உன் படம். "படத்துல இருக்கறவளுக்கு ஆறிடுச்சு ஜமீலா. நான் ஆட்டோவுக்கு நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

'சாந்திக்கடவு' படத்துக்கு முப்பத்திரண்டு மதிப்பெண் போடுவேன். தேறாது. மகனை இழந்த வங்கி மானேஜர் ஒருத்தி ஆற்றோர வைத்தியசாலைக்குப் போகிறாள். நெற்றியில் எண்ணெய் ஊற்றுகிறார்கள். தாடி வைத்த வைத்தியர் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். போதாததற்குப் புல்லாங்குழல். பாடம் நடத்தத் தெரியாதவர் நோட்ஸ் சொல்லி எழுத வைப்பாரே, அந்த மாதிரி. பின்வரிசையில் ஒருவன், "எண்ணெ தீந்துபோச்சு, இன்டர்வெல் விடுங்கடா!" என்று கத்தினான்.

ஆனால் நீ! அறுபத்திரண்டு வயதில், முகத்தில் ஒரு பூச்சும் இல்லாமல். ஆற்றங்கரையில் செத்த மகனுக்குப் பலிச்சோறு வைத்துவிட்டு, ஈரக் கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிடுகிறாயே, அந்த இடத்தில் கத்தினவனே மூக்கை உறிஞ்சினான். ஆசிரியப் பயிற்சி விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நாடகத்துக்குப் போகப்போகிறேன் என்று அழுத பெண்ணா இவள் என்று இருந்தது. உனக்கு நூற்றுக்கு நூறு.

ஒன்றுதான் உறுத்துகிறது. பலிக்குத் தட்டுகிறவர்கள் ஒரே சீராகத் தட்டுவார்கள். நீ இரண்டு மெதுவாக, மூன்று வேகமாகத் தட்டினாய். அது மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவை அடக்க நான் முப்பது வருடம் தட்டிய தட்டு. பிரதீஷின் பலியன்று என் கை தானாக அப்படித் தட்டிவிட்டது. காப்பியடித்தவனைச் சரியான விடையை வைத்துப் பிடிக்க முடியாது மினி. இரண்டு தாளில் ஒரே தப்பு இருந்தால்தான் பிடிப்போம். அந்த வங்கி மானேஜருக்கு என் தப்பு எப்படி வந்தது?

கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை மறந்துவிடுகிறாயா?

உன்
விலாசினி


கொச்சி
27 மார்ச் 2022

என் விலாசுவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு, "பிடிச்சிட்டியேடி!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சமையல்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

ஆமாம், உன்னுடையதுதான். எடுக்க வேண்டும் என்று எடுக்கவில்லை. கேமரா ஓடியது, என் கை எதையோ தேடியது, கிடைத்தது உன் கை. டைரக்டர் 'கட்' சொல்லவே மறந்துபோனான்.

படம் சுமார் என்று எனக்குத் தெரியாதா? அந்தத் தாடிக்காரர் பேசும்போது இரண்டு முறை நிஜமாகவே தூங்கிவிட்டேன். 'ஆழ்ந்த அமைதி' என்று பத்திரிகையில் எழுதினார்கள். கடைசியில் வருகிற காக்கைகூடக் கம்ப்யூட்டரில் செய்தது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் எனக்கு எழுதுகிறார்கள் விலாசு, தினமும். உன் தட்டு அத்தனை பேருக்கு ஆறுதல். அதை நினைத்துப் பாரேன்.

மே எட்டாம் தேதி உங்கள் ஊர் வாசகசாலையில் எனக்குப் பாராட்டு. உன்னையும் மேடையில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன். தேறிவிட்டேன் என்று இரண்டு வார்த்தை பேசினால் போதும். அந்த நீலக்கரை முண்டு உடுத்திக்கொண்டு வா.

என்றும் உன்
மினி


ஒற்றப்பாலம்
6 ஏப்ரல் 2022

அன்புள்ள மினிக்கு,

'தேறிவிட்டாள்' என்று நான் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் எழுதியிருக்கிறேன். எனக்கு யார் எழுதுவது?

உன் படத்தில் காக்கை லேசில் வருவதில்லை. உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டுகிறாள், கடைசியில் வருகிறது, அவளுக்கு ஆறிவிடுகிறது. பிரதீஷின் பலியில் நடந்தது அதுவல்ல என்று என்னைத் தவிர உனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் மகன் உண்ணி தட்டிய முதல் தட்டுக்கே காக்கை வந்தது. பிறகுதான் நான் தட்டினேன். விரட்டுவதற்காகத் தட்டினேன். அது சோற்றைத் தொட்டுவிட்டால் அவன் போய்விட்டான் என்று ஆகிவிடும். மறுபடி வந்தது, மறுபடி விரட்டினேன். பின்னால் நின்ற ஊர் ஜனங்கள் நான் கூப்பிடுவதாக நினைத்துக் கண்ணைத் துடைத்தார்கள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்த நீதான், "விடுடி விலாசு, சாப்பிடட்டும்டி" என்று கையை இறக்கினாய்.

வெள்ளம் வடிந்ததும் யார் யார் வீட்டிலோ சேறு அள்ளப் போனவன், எலிக்காய்ச்சலில் நான்கே நாளில் போனான். அவனுக்கு வைத்த சோற்றை நான் விரட்டினேன். இதை உன்னை நம்பித்தான் வெளியே சொல்லாமல் வைத்திருந்தேன்.

அவன் போன பிறகு பதினோரு நாளும் நீ என் வீட்டில் இருந்தாய். காய்ச்சல் தொடங்கிய கதையை மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னாய். சொல்லிச் சொல்லி என் பாரம் இறங்கட்டும் என்றுதான் கேட்கிறாய் என்று நினைத்தேன். மினி, நீ கேட்டாயா, படித்தாயா? ஒரு வரி போதும். சுற்றி வளைக்காதே.

விலாசினி


கொச்சி
21 ஏப்ரல் 2022

விலாசு,

ஒரு வரியில் முடியவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

அந்தப் பதினோரு நாளில் நான்காம் நாள் டைரக்டர் போனில் இந்தப் படத்தின் கதையைச் சொன்னான். உன் வீட்டுக் கிணற்றடியில் நின்றுதான் கேட்டேன். மறுநாள் எனக்கு வேறு படப்பிடிப்பு இருந்தது. அதை ரத்து செய்தேன். "எனக்காக ஷூட்டிங்கையே விட்டுட்டா" என்று வந்தவர்களிடமெல்லாம் நீ சொன்னாய். நான் அதைத் திருத்தவில்லை.

அழுதது நிஜம். ஆனால் ஒரு கண் அழும்போது இன்னொரு கண் பார்த்துக்கொண்டே இருக்கும். என் அம்மா செத்த அன்றும் அப்படித்தான் இருந்தது. வேறு மாதிரி இருக்க எனக்குத் தெரியாது.

விரட்டியதையும் டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். "மேடம், அது ஜனங்களுக்குப் புரியாது. கூப்பிடற மாதிரியே வெச்சுக்கலாம்" என்றான். சரி என்றேன்.

மன்னித்துவிடு. இன்னொன்றையும் இப்போதே எழுதிவிடுகிறேன். படத்தை இந்தியில் எடுக்கப்போகிறார்கள். அதில் நடிக்கப்போகிற பெண் உன்னோடு இரண்டு நாள் இருக்க ஆசைப்படுகிறாள். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

மே எட்டு, மறக்காதே. மேடை வேண்டாம் என்றால் முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்கிறேன்.

மினி


ஒற்றப்பாலம்
30 ஜூலை 2022

மினி,

விழாவுக்கு நான் வரவில்லை. என் நாற்காலியில் ஜமீலா உட்கார்ந்தாளாம். "மேடையில மேடம் எவ்வளவு அழகா அழுதாங்க தெரியுமா டீச்சரே!" என்றாள். உன் கடிதத்தில் இருந்தது உண்மை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது.

நேற்று முன்தினம் கர்க்கடக வாவு, போனவர்களுக்கு ஊரே பலி வைக்கிற அமாவாசை. ஆற்றுக் கடவில் நிற்க இடமில்லை. இலைகளை வைத்துவிட்டு எல்லாரும் தட்டினார்கள். இரண்டு மெதுவாக, மூன்று வேகமாக. நாலா பக்கமும் அதே தட்டு. பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "ஏம்மா இப்படித் தட்டறே?" என்று கேட்டேன்.

"இப்படித் தட்டினாத்தான் சட்டுனு வரும் டீச்சரே. படத்துல பாக்கலியா?"

முப்பது வருடம் தப்பைத் திருத்திச் சம்பளம் வாங்கியவள் நான். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் இலையில் காக்கை வந்து உட்கார்ந்தது. "அச்சா" என்று போன அப்பாவை அழைத்துக்கொண்டு, மனம் குளிர அழுதாள். விரட்டுகிற தட்டு அதுவென்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? நகர்ந்துவிட்டேன்.

உண்ணி பிரதீஷின் இலையை வைத்துவிட்டு, "தட்டுங்க அத்தை" என்றான். இந்த முறை விரட்டக்கூடாது, கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். கையைத் தூக்கினேன். தட்டியது நீ. வேறு மாதிரி, ஒரே சீராகத் தட்டிப் பார்த்தேன். நீ சீராகத் தட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தோளைத் தாழ்த்தினேன், அதுவும் திரையில் பார்த்த தோள். கையை இறக்கிவிட்டேன். "என்ன அத்தை?" என்று கேட்டுவிட்டு அவனே தட்டினான். என் மகனைக் கூப்பிட எனக்கு ஒரு கை இல்லாமல் போய்விட்டது.

உனக்குப் போட்ட நூற்றை அழிக்க மாட்டேன். அது சரியான மதிப்பெண்தான். அந்த இந்திப் படத்துப் பெண்ணை இங்கே அனுப்பாதே, கேட் பூட்டியிருக்கும். இனி எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், செய்து பார். அடுத்த முறை ஒரு சாவு வீட்டுக்குப் போனால், போய் உட்கார்ந்ததும் இரண்டு கண்ணையும் மூடிக்கொள். எழுந்து வெளியே வரும்வரை திறக்காதே.

விலாசினி