நாற்பதுக்கு முப்பத்தாறு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அத்தையின் முட்டிவலியையும் என் கோபத்தையும் தள்ளிவிட்டால் இங்கே இருவரும் நலம். அங்கே நீயும் நலம்தான் என்று வழக்கம்போல நானாக எழுதிக்கொள்ள இந்த முறை கை வரவில்லை. இதை ஆபீசிலேயே படித்து முடி, வீட்டுக்குக் கொண்டுபோகாதே. தேர்வுப் பயிற்சிக்காக நீ எழுதி அனுப்பிய நாற்பது ஆங்கில வாக்கியங்களையும் திருத்தி, திங்கட்கிழமை பதிவுத் தபாலில் உன் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிட்டேன். ஆபீசுக்கே அனுப்பும்மா என்று நீ சீட்டில் எழுதியிருந்தாய். சம்பளம் வாங்கும் நேரத்தில் சொந்த வேலை என்ன என்று நான்தான் மாற்றினேன். அந்தக் கவர் உன் வீட்டுக்காரர் கையில் கிடைக்கக் கூடாது. பகலில் நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவதால் தபால்காரர் அதைத் திருப்பி எடுத்துப்போயிருப்பார். ரசீதை இதோடு வைத்திருக்கிறேன், அடையாள அட்டையோடு உங்கள் தபால் நிலையத்துக்கே போய்க் கேட்டால் உன்னிடம் கொடுத்துவிடுவார்கள் என்று இங்கே கவுண்டரில் சொன்னார்கள். இந்தக் கூரியர் வெள்ளிக்கிழமை வந்துவிடும், அன்று மதியமே போய் வாங்கிவிடு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நுழைவுத் தேர்வுக்கு நீ கேட்ட பயிற்சிப் புத்தகம் வாங்க, போன சனிக்கிழமை செருப்புக்கடை மாடியில் இருக்கும் கோச்சிங் சென்டருக்குப் போனேன். படியேறும்போதே தோல் நாற்றம், மேலே போனால் அதைவிட மோசம். டை கட்டிய ஒருவர் பலகை முன்னால் நின்றுகொண்டு, 'அர்த்தமெல்லாம் பாக்காதீங்க, நேரம் போயிடும், நாலு விடையில சின்னதா இருக்கறத டிக் பண்ணிட்டுப் போய்க்கிட்டே இருங்க' என்கிறார். மரபுத்தொடர்களைக் காலையில் பத்து, ராத்திரி பத்து என்று மாத்திரைபோல விழுங்க வேண்டுமாம். வாக்கியத்தையே படிக்காமல் விடை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். ஒரு தாளை நீட்டி எழுதிப் பாருங்கள் என்றார், எழுதினேன், இருபதுக்குப் பதினாலு. கான்வென்டில் சிஸ்டர் என் கட்டுரையை மற்ற வகுப்புகளுக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டுவார், அப்படிப்பட்ட எனக்குப் பதினாலு! 'மேடம், நீங்க படிச்சது இங்கிலீஷு, இது டெஸ்ட்டு' என்றார், வகுப்பே சிரித்தது. ஒருவர் இன்னொருவருக்கு ஒன்றைச் சொல்வதற்குத்தான் வாக்கியம், சொன்னது என்ன என்று பார்க்காதவனுக்கு எழுத்து எதற்கு என்று அவருக்கே பாடம் நடத்திவிட்டுப் புத்தகத்தோடு இறங்கினேன்.

மறுநாள் காலை நான் செய்தது அவர் சொன்னதைவிடக் கேவலம். உன் வாக்கியங்களை எடுத்துவைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். காலம் சரியா, ஒருமை பன்மை சரியா, மரபுத்தொடர் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நாற்பதுக்கு முப்பத்தாறு போட்டேன். பெருமை தாங்காமல் ஜெராக்ஸ் எடுத்து நேற்று அத்தையிடம் காட்டினேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, 'எனக்கும் புரியற மாதிரி தமிழ்ல சொல்லுங்க அண்ணி, புள்ள என்னதான் எழுதியிருக்கா' என்றாள். சொன்னேன். நீ எழுதியது இதுதான்: 'விருந்தாளிகள் முன்னால் அவர் என் பேச்சைப் பேசிக்காட்டிச் சிரிக்கும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறார். அம்மா போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்காருகிறார். இந்தப் படிப்பும் அதன் விடுதியும் கிடைத்துவிட்டால் நான் தப்பித்தேன்.' என் வாயால் தமிழில் சொல்லச் சொல்லத்தான் என் காதில் விழுந்தது. அத்தையின் கத்தி நின்றுவிட்டது. 'இது பரீட்சையா அண்ணி? புள்ள அழுது எழுதியிருக்கு, நீங்க மார்க் போட்டு அனுப்பியிருக்கீங்க' என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, 'அந்த நாலு மார்க் எதுக்குக் கொறச்சீங்க?' என்று வேறு கேட்டாள். ஸ்பீக்கர் வாக்கியத்தின் ஓரத்தில் 'அவர் யார்? தெளிவில்லை' என்று எழுதியிருக்கிறேன். அடியில் 'கற்பனை அதிகம், உண்மையில் நடப்பதை எழுதப் பழகு' என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மாப்பிள்ளை என்று எழுத இனிக் கை கூசுகிறது. பெண் பார்க்க வந்த அன்று அவர் பேசிய இங்கிலீஷில் ஒரு பிழை இல்லை என்று மயங்கிச் சரி சொன்னவள் நான்தான், உன் அப்பா இருந்திருந்தால் வாயைப் பார்க்காமல் ஆளைப் பார்த்திருப்பார். போகட்டும், அந்தக் கணக்கை நான் தனியாகத் தீர்த்துக்கொள்கிறேன். தேர்வு இந்த ஞாயிறு, அவர் பூட்டும் நாள். அதனால் சனிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போகாதே, ஏதாவது காரணம் சொல்லி உன்னோடு வேலை செய்யும் பெண்ணின் அறையில் தங்கு. சனிக்கிழமை காலை ரயிலில் நான் ஏறுகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று, தனியாக எப்படி வருவேன் என்று கவலைப்படாதே, நான் தனியாகச் செய்யாதது ஒன்றும் இல்லை. தேர்வு நடக்கும் பள்ளியின் பெயர் நீ எழுதிய சீட்டில் இருக்கிறது, ஞாயிறு எட்டு மணிக்கு அதன் வாசலில் நிற்பேன். எழுதி முடித்து நேரே என்னிடம் வா, தேறினாலும் தேறாவிட்டாலும் அந்த வீட்டுக்கு நீ திரும்ப வேண்டாம். உன் அறையில் இருந்த என் தையல் மெஷினை இன்று காலை கூடத்துக்கு நகர்த்திவிட்டோம்.

ஹால் டிக்கெட், அடையாள அட்டை, இரண்டு பேனா, இவற்றை வெள்ளிக்கிழமையே பையில் போட்டு ஆபீசில் வைத்துவிடு. சொல்ல எனக்குக் கசக்கிறது, ஆனால் தேர்வில் அந்த டைக்காரர் சொன்னபடியே செய், அர்த்தம் பார்க்காதே, சின்னதை டிக் பண்ணிக்கொண்டே போ. அர்த்தத்தை வெளியே வந்து என்னிடம் சொல், எவ்வளவு நேரம் ஆனாலும் கேட்கிறேன். சிவப்புப் பேனாவை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டதாக உனக்கு எழுதச் சொல்கிறாள் அத்தை. நல்லா இரு கண்ணே, தைரியமாக இரு.

ஞாயிறு எட்டு மணிக்கு வாசலில் இருக்கும்,
உன் அம்மா